அம்சவள்ளியின் காதும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும்

மலேசியாவின் ஈஜோக் தோட்டத்திலிருந்து ரவாங்குக்குப் போகும் பெக்டரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்சவள்ளி செய்யும் முதல் வேலை, கைப்பையைத் திறந்து இரண்டு உருண்டைப் பஞ்சை எடுத்துக் காதுகளில் அடைத்துக்கொள்வதுதான். டிரைவர் ரேடியோவை அலறவிடுவார். ஜன்னல்கள் கடகடக்கும். பின்சீட்டுப் பெண்கள் சிரித்துக் கும்மாளம் போடுவார்கள். பக்கத்தில் உட்காரும் நாகமணி ஊர்க்கதை முழுவதையும் சொல்லிக்கொண்டு வருவாள். அம்சவள்ளி அவள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டுவாள். சில நேரம் ஆட்டக் கூடாத இடத்திலும் ஆட்டிவிடுவாள். அப்படித்தான் ஒருமுறை, நாகமணியின் அக்கா கல்யாணத்துக்கு இருநூறு அதிரசம் சுட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, ரவாங்கில் இறங்கியபின் விஷயம் தெரிந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். இருந்தாலும் சுட்டுக் கொடுத்தாள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இந்தப் பஞ்சு பெரிய பேச்சு. அடுத்த வீட்டு நல்லம்மாள் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு வந்துவிட்டாள்.

"சீழ் புடிச்சிருந்தா இது ரெண்டு சொட்டு விட்டாப் போதும் புள்ள."

"ஐயோ அக்கா, காது நல்லாத்தான் இருக்கு. அதக் கெடுத்துக்கக் கூடாதுன்னுதான் பஞ்சு."

"நல்லா இருக்கிற காதுக்கு எவளாச்சும் பஞ்சு வைப்பாளா?" என்று நல்லம்மாள் எண்ணெயை வைத்துவிட்டே போனாள். அம்சவள்ளி அதைச் சட்டினிக்குத் தாளிக்க எடுத்துக்கொண்டாள்.

அம்சவள்ளியின் தாயும் தகப்பனும் ரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். அவளும் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டு இரண்டு வருஷம் மரம் வெட்டினாள். பிறகு தோட்டத்தில் பால்மரத்தைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள். குலை சுமக்க அவளுக்கு இஷ்டமில்லை. ரவாங்கில் காதொலிப்பான் செய்கிற ஒரு பெக்டரி ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, 1980-இல், இருபத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தாள். அதே வருஷம் சேதுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். சேது செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். பகல் முழுதும் இன்ஜின் இரைச்சலோடு குடியிருப்பதால், வீட்டிலும் எதிர்க்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலத்தான் பேசுவான்.

பெக்டரியில் முதல் வேலை, மயிரிழைக் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைப்பது. செய்து முடித்ததைச் சும்மா ஒரு தடவை காதில் வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் தட்டிலிருந்து மூன்றை எடுத்துத் தனியாக வைத்து, "அண்ணே, இது மூணும் கரகரங்குது" என்றாள். சூப்பர்வைசர் ரெங்கசாமி மெஷினில் போட்டுப் பார்த்தார். இரண்டு சரியாக இருந்தன, ஒன்றில் கோளாறு. "ஒண்ணுதாம்மா" என்று சிரித்தார். இரண்டு நாள் கழித்து மற்ற இரண்டும் ஊமையாகிவிட்டன. ரெங்கசாமி சிரிப்பை நிறுத்திவிட்டு, அவளைக் கேட்பு அறைக்கு மாற்றச் சொல்லி ஆபீசுக்கு எழுதினார்.

கேட்பு அறை என்பது சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. ஏர்கோன் குளிர் பல்லைத் தட்டும். நாகமணி உட்பட நான்கு பெண்கள் உட்கார்ந்து, மேஜைமேல் இருக்கும் சாம்பல் நிற ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொரு காதொலிப்பானாகச் சொருகி, ஒரே டேப்பைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். டேப்பில் முதலில் ஓர் ஆங்கிலப் பெண் 'ஸ' நிறைந்த சொற்களாகப் பொறுக்கிப் படிப்பாள். பிறகு வயலின். கடைசியில் தாளத்தட்டின் சத்தம், மெல்ல ஓய்ந்து இல்லாமல் போகும்வரை. நல்லது என்றால் பச்சைப் புள்ளி, இல்லையென்றால் சிவப்பு. காகிதத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. யாரும் அதில் எழுதுவதில்லை. அம்சவள்ளி எழுதினாள். மேல்சத்தம் பொடிப்பொடியாகத் தெறித்தால் 'கடுகு'. ஓரிடத்தில் மட்டும் குத்தினால் 'ஊசி'. உலர்ந்து சலசலத்தால் 'வெங்காயத்தோல்'. மேல்சத்தமே எழும்பாமல் அமுங்கிக் கிடந்தால் 'போர்வை'.

இந்தக் காகிதங்கள் கடைசியில் போய்ச் சேருவது எஞ்சினியர் கார்த்திகேசுவிடம். கிள்ளான்காரர், யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். எப்போதும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. ஒருநாள் காகிதத்தோடு கேட்பு அறைக்கே வந்துவிட்டார்.

"யார் இங்கே வெங்காயத்தோல்?"

நாகமணி பக்கென்று சிரித்துவிட்டாள். அம்சவள்ளி எழுந்து நின்றாள்.

"நான்தான் சார்."

"இதை நான் தலைமையலுவலகத்துக்கு இங்கிலீஷில் எப்படி எழுதுறது சொல்லுங்கோ?"

"சார் படிச்சவங்க, சாருக்குத் தெரியாததா?" என்றாள் அவள். கார்த்திகேசு முறைக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துக்கொண்டே போனார்.

இது நடந்து நாலைந்து வருஷத்துக்குப் பிறகு, 1986-இல், நாட்டில் வேலைப் பஞ்சம். பக்கத்துப் பெக்டரிகள் இரண்டில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவர்கள் பெக்டரியிலும் ஓட்டி என்கிற மிகைநேர வேலை நின்றது. ஒரு லைனை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மூடினால் கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் போவார்கள். நாகமணியின் தங்கை கங்கா சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜப்பானிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வரும்போல் இருந்தது. ரேடியோ நிலையங்களில் அறிவிப்பாளர்கள் போட்டுக்கொள்கிற காதொலிப்பான். வெளிக்காதில் தொங்குவதல்ல, துவாரத்துக்குள்ளேயே போய் உட்காருவது. ஒரு ஜோடியின் விலை அம்சவள்ளியின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம் என்று கேட்டதும், அறையிலிருந்த நான்கு பேரும் அதைக் கோழிக்குஞ்சைத் தூக்குவதுபோல் தூக்கினார்கள்.

இரண்டு மாதிரிகள் வந்திருந்தன. ஒன்று கறுப்பு, உள்ளே வழக்கமான மெல்லிய சவ்வு. இன்னொன்று வெள்ளை, உள்ளே காது கேளாதவர்களின் கருவியில் வைக்கிற, அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் உறுப்பு. இரண்டையும் ஒப்பிட்டு எது நல்லது என்று பெக்டரி சொல்ல வேண்டும். வாங்குபவர் நேரில் வந்து கேட்டு முடிவு செய்வார்.

நான்கு பெண்களும் கேட்டார்கள். கறுப்புக்கு அம்சவள்ளி எழுதியது: 'மெல்லிய போர்வை. மோசமில்லை.' வெள்ளைக்கு எழுதியது ஒரே சொல்: 'ஊசி.' மற்ற மூவரும் வெள்ளைக்குச் சிவப்புப் புள்ளி வைத்தார்கள்.

கார்த்திகேசு வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இஞ்ச பாருங்கோ. வெள்ளையின்ட கோடு மேசைபோல நேரா இருக்கு. எங்கே ஊசி? மெஷினுக்கு ஒருநாள் தூக்கம், ஒருநாள் தலைவலி எண்டு ஒண்டும் இல்லை."

"மெஷினு பொய் சொல்லும்னு நான் சொல்லல சார். அந்தப் பொம்பள 'ஸ' சொல்லும்போது எனக்குப் பல்லு கூசுது. அவ்வளவுதான்."

"சரி, என்னோட லேபுக்கு வாங்கோ."

லேபில் அவருடைய மேஜை, அவருடைய நாற்காலி, அவருடைய டேப். அம்சவள்ளி வெள்ளையைக் காதில் சொருகினாள். ஆங்கிலப் பெண் பேசினாள். ஊசியைக் காணவில்லை. தாளத்தட்டு, மழை விட்டபின் கூரையிலிருந்து சொட்டும் நீர்போல ஒவ்வொரு துளியாகக் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்தத் தாளத்தட்டு இவ்வளவு தெளிவாக ஓய்ந்து அடங்கியதை அவள் கேட்டதில்லை.

"எப்படி?" என்றார் கார்த்திகேசு.

"நல்லாத்தான் இருக்கு சார்."

லேபில் இருந்த இரண்டு டெக்னிஷன்களும் சிரித்தார்கள். கார்த்திகேசு சிரிக்கவில்லை, ஆனால் பேனாவை மூடிப் பைக்குள் வைத்த விதம் சிரிப்பைவிட மோசமாக இருந்தது. முகம் சிவக்கக் கேட்பு அறைக்குத் திரும்பிய அம்சவள்ளி, தட்டிலிருந்து ஒரு வெள்ளையை எடுத்துக் கேட்டாள். பல் கூசியது.

அன்று மாலை வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். காது கெட்டுவிட்டதோ என்று முதன்முறையாகப் பயம் வந்தது. கடிகாரத்தின் அருகில் போய்க் கேட்டாள். அடுப்படியில் கடுகு வெடிப்பதைக் கேட்டாள். பல்லி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சேது இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டான்: "என் மேல என்னா கோவம் வள்ளி?"

"உங்க மேல இல்லங்க. ஒரே சாமான், அங்க ஒரு மாதிரி பேசுது, இங்க ஒரு மாதிரி பேசுது."

"என் லோரி அப்படித்தான் லா. வேற டிரைவர் எடுத்தா மேட்டுல இருமும். என் கையில அப்படியே வழுக்கிக்கிட்டுப் போவும்." சொல்லிவிட்டு அவன் சோற்றில் கை வைத்தான்.

அம்சவள்ளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே லோரி. வேற டிரைவர். லேபில் கேட்டதும் அறையில் கேட்டதும் ஒரே காதொலிப்பான்தானா? அதுவே தனக்குத் தெரியாதே!

மறுநாள் காலையில் நாகமணியின் சிவப்பு நகப்பூச்சை வாங்கி, ஒரு வெள்ளைக் காதொலிப்பானின் முதுகில் சின்னப் புள்ளி வைத்தாள். அறையில் கேட்டாள்: ஊசி. அதையே கையில் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள். கார்த்திகேசு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் சார். ஒரே ஒரு தடவை."

அங்கே கேட்டாள்: தெளிந்த தண்ணீர். சந்தேகமே இல்லை.

"சார், காதும் அதே காது. சாமானும் அதே சாமான், புள்ளி வச்சிருக்கேன் பாருங்க. மாறினது ஒங்க ஆம்ப்ளிஃபயர்தான். அத எங்க ரூமுக்குத் தூக்கிட்டு வாங்க."

"ஆம்ப்ளிஃபயர் எண்டால் ஆம்ப்ளிஃபயர்தான் அம்சவள்ளி. சத்தத்தைப் பெருசாக்கும், அவ்வளவுதான். ரெண்டும் நல்ல நிலையில இருக்குது."

"அப்ப மாத்திப் பாத்தா என்ன கொறைஞ்சிடும் சார்?"

சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கென்டீனுக்குப் போனபின், கார்த்திகேசு தானே இரண்டு கையாலும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் வெள்ளைச் சட்டையில் தூசு ஒட்டியது. இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். சத்தத்தின் அளவை மீட்டரில் சரிசமமாக்கினார். அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, எதில் சொருகுகிறார் என்று சொல்லாமல் மாற்றி மாற்றிச் சொருகினார்.

கறுப்பு எதில் சொருகினாலும் அதே மெல்லிய போர்வை. அவளால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்றே சொன்னாள். வெள்ளையோ பன்னிரண்டு தடவையும் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. "ஊசி. தண்ணி. தண்ணி. ஊசி..." பன்னிரண்டும் சரி.

கார்த்திகேசு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சாம்பல் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே, காதொலிப்பான் சொருகும் ஓட்டைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயர் செய்தவர்கள் வைக்காத ஒரு சின்னத் தடை உறுப்பு கம்பிக்கு நடுவே பற்றவைக்கப்பட்டிருந்தது. கீழே ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தில் ஏதோ எழுத்து. கிட்டத்தில் வைத்துப் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அம்சவள்ளி பயந்துவிட்டாள்.

"என்ன சார்? யாரு வச்சது?"

"கையெழுத்து நல்லாத் தெரியுது," என்றார் கார்த்திகேசு. "என்னுடையது."

1981-இல் ஒரு புதுப்பெண் சத்தத்தைத் தெரியாமல் கூட்டி வைத்துக் காது வலிக்கிறது என்று அழுததால், பாதுகாப்புக்காக அவரே அதை வைத்திருக்கிறார். வைத்ததை மறந்தும் போயிருக்கிறார். மூடியைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் நாகமணி சாப்பாட்டை விட்டு ஓடிவந்தாள்.

பிறகு பொறுமையாக விளக்கினார். பழைய காதொலிப்பான்கள் கீழ்ச்சத்தம், மேல்சத்தம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி இழுக்கும். அதனால் நடுவில் ஒரு தடை இருந்தால் மொத்தமாகச் சத்தம் குறையுமே தவிர, குணம் மாறாது. கறுப்பும் அப்படித்தான். இந்த வெள்ளையின் அரிசிமணியோ கீழ்ச்சத்தத்துக்கு நிறைய மின்சாரம் இழுக்கும், மேலே போகப்போகக் குறைவாக இழுக்கும். நிறைய இழுக்கிற இடத்தில் தடை நிறையத் தின்றுவிடும். குறைவாக இழுக்கிற இடத்தில் விட்டுவிடும். கீழே எல்லாம் சப்பையாகி, மேல்சத்தம் மட்டும் தலையைத் தூக்கும். அதுதான் ஊசி. மெஷின் வரைந்த கோடு லேபின் ஆம்ப்ளிஃபயரோடு வரைந்தது. அதனால்தான் அது நேராக இருந்தது.

"அப்ப கறுப்பு யாரோடயும் ஒத்துப்போற பொண்ணு," என்றாள் அம்சவள்ளி. "வெள்ளை அழகி, ஆனா போற வீடு பாத்துக் குடுக்கணும்."

"இதையும் இங்கிலீஷில எழுதச் சொல்லாதேங்கோ," என்றார் கார்த்திகேசு.

சாம்பல் பெட்டியின் தடையைக் கழற்றிப்போட்டார்கள். வெள்ளைதான் உசத்தி என்று நான்கு பெண்களும் பச்சைப் புள்ளி வைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

புதன்கிழமை வாங்குபவர் வந்தார். ஒகாடா என்று பெயர். குட்டையான, எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொல்கிற மனிதர். பெக்டரியின் ஆம்ப்ளிஃபயரைத் தொடவே இல்லை. தோல்பையிலிருந்து சோப்புப் பெட்டியளவு ஒரு கருவியை எடுத்தார். வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்பும்போது அறிவிப்பாளர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்வது அதுதானாம். வெள்ளையை அதில் சொருகிக் கேட்டார். முகத்தைச் சுளித்தார். கழற்றிக் கார்த்திகேசுவிடம் நீட்டினார். கார்த்திகேசு கேட்டுவிட்டு அம்சவள்ளியிடம் நீட்டினார். அவளுக்குச் சொருகும்போதே தெரிந்துவிட்டது. ஊசி, சாம்பல் பெட்டியைவிடக் கூர்மையாக.

கார்த்திகேசு இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். ஒகாடா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு சுருக்கமாகப் பதில் சொன்னார். கார்த்திகேசுவின் முகத்தைப் பார்த்து அம்சவள்ளி விசாரித்தாள்.

"என்ன சார் சொல்றாரு?"

"அவரோட பெட்டிக்குள்ளயும் தடை இருக்குது. நான் சொன்னது சரி எண்டு ஒத்துக்கொள்றார். ஆனா அந்தப் பெட்டி ஆயிரக்கணக்கில வித்துப்போச்சு, மாத்தேலாது. கறுப்பு மந்தம், வெள்ளை குத்துது, ரெண்டும் வேண்டாமாம். நாளைக்கு மத்தியானம் கோலாலம்பூருக்குப் போறார். அங்கயிருந்து விமானம்."

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் பற்றவைக்கும் லைனில் கங்கா குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி வெள்ளையைக் கையில் வைத்து உருட்டினாள். சத்தம் வெளியே வருகிற குழாய், தீக்குச்சி நுழைகிற அகலம்.

"சார், வீட்ட மாத்த முடியாதுன்னா பொண்ணுக்குத்தான் ஒரு முக்காடு போடணும். இந்தக் குழாய்க்குள்ள துணி மாதிரி எதாச்சும் வச்சா மேல்சத்தம் அடங்காதா? நான் தெனமும் பஸ்ஸுல பஞ்சு வைக்கிறேனே, ஜன்னல் கடகடப்புத்தான் மொதல்ல அடங்குது."

கார்த்திகேசு அவளைப் பார்த்தார். ஒகாடாவிடம் திரும்பி, நாளை மத்தியானம் வரை பொறுக்க முடியுமா என்று கேட்டார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சம்மதமாகக் குனிந்தார். பெட்டியையும் விட்டுவிட்டுப் போனார்.

பஞ்சைப் பிய்த்து வைத்தார்கள். ஊசி போயிற்று, ஆங்கிலப் பெண்ணும் கூடவே போய்விட்டாள், கிணற்றுக்குள்ளிருந்து பேசினாள். காகிதம் சலசலத்தது. ஸ்பாஞ்சுத் துண்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மாலை பஸ்ஸில் அம்சவள்ளி அன்று காதில் பஞ்சே வைக்கவில்லை. எழுந்து நின்று எல்லோரிடமும் கேட்டாள்: "வீட்டுல மெல்லிசா என்ன துணி இருந்தாலும் நாளைக்கு ஒரு துண்டு கொண்டு வாங்க!"

கொண்டு வந்தார்கள். கேட்பு அறை மேஜை துணிக்கடைபோல் ஆயிற்று. கொசுவலை, வாயில் என்கிற மெல்லிய பருத்திச் சேலைத் துண்டு, பாத்தேக் சாரோங் கைலியின் ஓரம், மாவுச் சல்லடை வலை, ஒரு மலாய்ப் பெண் தந்த தலைத்துணி, ரெங்கசாமி தயங்கித் தயங்கி நீட்டிய கைக்குட்டை. கார்த்திகேசு காகிதம் குத்தும் கருவியால் வட்டம் வட்டமாக வெட்டித் தர, நாகமணி இடுக்கியால் குழாய்க்குள் வைக்க, அம்சவள்ளி கேட்டுச் சொன்னாள். கொசுவலை: "இருக்கிறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு." வாயில் சேலை: "போர்வை." தலைத்துணி: "கிட்ட வந்துட்டோம், ஆனா வயலினு மூக்கால அழுவுது." கைக்குட்டை: "அண்ணே, மன்னிச்சுக்குங்க."

பத்தரை மணிக்குத் துணியெல்லாம் தீர்ந்துபோயிற்று. அப்போது ஆபீஸ் கிளார்க் மிஸ் சியூ ஏதோ கையெழுத்துக்காகக் கதவைத் திறந்தாள். அம்சவள்ளியின் பார்வை அவள் காலுக்குப் போய் அங்கேயே நின்றது. அவள் போட்டிருந்த நைலோன் காலுறை, இருக்கிறதே தெரியாத மெல்லிசு.

"மிஸ் சியூ, அது மாதிரி பழசு எதாச்சும் இருக்கா?"

மிஸ் சியூவுக்கு மலாயிலும் இங்கிலீஷிலும் இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. முகம் சிவந்துபோய், ஆனால் சிரித்தபடி, தன் மேஜை டிராயரில் அவசரத்துக்கு வைத்திருந்த புது ஜோடியைக் கொண்டு வந்து தந்தாள். கார்த்திகேசு கூரையைப் பார்த்துக்கொண்டே அதை வெட்டினார்.

ஒரு மடிப்பு: ஊசியின் முனை கொஞ்சம் மழுங்கிற்று. இரண்டு: இன்னும். மூன்று. நான்கு மடிப்பில் அம்சவள்ளி கையை உயர்த்தினாள். டேப் கடைசிவரை ஓடியது. தாளத்தட்டு அடங்கும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"தண்ணி," என்றாள்.

ஐந்தும் வைத்துப் பார்த்தார்கள். போர்வை எட்டிப் பார்த்தது. நான்குதான். இன்னும் மூன்று ஜோடிக்கு அதே போல் வைத்தார்கள். மிஸ் சியூவின் இடதுகால் உறை முழங்கால்வரை காலியாயிற்று.

பதினொன்றரைக்கு ஒகாடா வந்தார். தன் பெட்டியில் சொருகிக் கேட்டார். கழற்றினார். வேறொரு ஜோடியை எடுத்துக் கேட்டார். பிறகு பெக்டரி ஆம்ப்ளிஃபயரிலும் சொருகிக் கேட்டார். அதில் மேல்சத்தம் ஒரு சிட்டிகை குறைவு, ஆனால் கறுப்பைவிட எவ்வளவோ தெளிவு. நாற்காலியிலிருந்து எழுந்து ஏதோ கேட்டார். கார்த்திகேசு தொண்டையைக் கனைத்தார். ரெங்கசாமி சுவரைப் பார்த்தார்.

"உள்ளே வச்சிருக்கிறது என்ன சாமான் எண்டு கேக்கிறார்," என்றார் கார்த்திகேசு மெல்ல.

"நைலோன்னு சொல்லுங்க சார்," என்றாள் அம்சவள்ளி. "பொய் இல்லையே."

கதவருகில் நின்ற மிஸ் சியூவால் அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க, நாகமணி சிரிக்க, கடைசியில் ஒகாடாவுக்கும் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு மிஸ் சியூவுக்கு முதலில் குனிந்தார், அம்சவள்ளிக்கு அதைவிட ஆழமாகக் குனிந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் அவளும் குனிந்தாள்.

ஆர்டர் வந்தது. லைனை மூடவில்லை, இன்னொன்றையும் திறந்தார்கள். கங்கா இருந்தாள். காலுறைக்குப் பதிலாக முறையான மெல்லிய வலையை வேறொரு கம்பெனி நெய்து அனுப்பியது. அது சரியா என்று சொல்லவும் அம்சவள்ளியிடம்தான் வந்தது. முதல் இரண்டு வகையைத் திருப்பி அனுப்பினாள். அடுத்த வருஷம் கேட்பு அறைக்கு அவளே பொறுப்பாளர். புதிதாக அச்சடித்த காகிதத்தில் 'குறிப்பு' கட்டம் காணாமல் போய், அந்த இடத்தில் நான்கு சின்னக் கட்டங்கள் இருந்தன. கடுகு, ஊசி, வெங்காயத்தோல், போர்வை. ஒவ்வொன்றும் தமிழிலும் மலாயிலும். இங்கிலீஷில் கார்த்திகேசு கடைசிவரை எழுதவில்லை.

1988 தீபாவளிக்கு ஒகாடாவிடமிருந்து அவள் பெயருக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே அவர்கள் பெக்டரியில் செய்த வெள்ளைக் காதொலிப்பான் ஒரு ஜோடி. காவலாளியிடம் காட்டச் சீட்டு எழுதி வாங்கி, அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள். லயமே திரண்டுவிட்டது. வீட்டு ரேடியோவில் சொருகி நல்லம்மாளுக்கு முதலில் கொடுத்தாள்.

"என்னாடி இது, தகரத்த தேய்க்கிற மாதிரி இருக்கு! இதுக்கா ஒரு மாச சம்பளம்?"

அம்சவள்ளி வாங்கிக் கேட்டாள். நல்லம்மாள் சொன்னது நிஜம். சேதுவின் ரேடியோ அப்படி, அதன் உள்தடை முக்காட்டையும் மீறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் லோரியில் கோலசிலாங்கூர் பட்டணத்துக்குப் போனார்கள். மின்சாதனக் கடையில், வரிசையாக மின்னிய கேசட் பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் அவள் சொருகிக் கேட்டாள். கடைக்காரத் தவுக்கே முதலில் சிரித்தார், பிறகு விசிறியைப் போட்டார், பிறகு நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, எல்லாம் பாகுஸ் லா, நல்ல சாமான். இது பாரு, பெரிய ஸ்பீக்கர், லைட் எல்லாம் எரியும்!"

"லைட்ட காதுல கேக்க முடியாதே தவுக்கே," என்றாள் அவள்.

பதினோராவதாக, ரிப்பேருக்கு வந்து யாரும் எடுத்துப்போகாமல் கிடந்த, பிடி உடைந்த ஒரு கறுப்புப் பெட்டியை மேல்தட்டிலிருந்து இறக்கச் சொன்னாள். சொருகினாள். முகம் மலர்ந்தது. அதை விற்றதில் தவுக்கேவுக்குப் பாதி சந்தோஷம், பாதி வருத்தம்.

ஆற்றோரம் லோரியை நிறுத்தி, சேது பிடிவாதமாக அங்கேயே கேட்டுப் பார்க்க வேண்டும் என்றான். பத்து வருஷமாக அவன் தினமும் பாடுகிற பாட்டின் கேசட்டைப் போட்டு, அவன் காதில் அம்சவள்ளி தானே பொருத்திவிட்டாள். அவன் கண் அகன்றது.

"வள்ளி! இந்தப் பாட்டுல ஜால்ரா இருக்கா?"

மீன்பிடிப் படகிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினான்.

"மொதல்ல இருந்தே இருக்குங்க."

அவன் பாட்டை மறுபடி மறுபடி திருப்பிப் போட்டான். கேசட்டின் ஒரு பக்கம் முழுதும் தீர்ந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போதும் கழற்ற மனசில்லை. "ஓட்டும்போது ஹார்ன் கேக்கணும்" என்று அவள்தான் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். வழியிலுள்ள அசாம் ஜாவா தாண்டும்வரை அவன் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தான்: "இப்ப ஜால்ரா வருதா? இப்ப?"